கரிசல் காட்டுப் பசுவும் ஜீவசத்தும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை என்று பரந்து கிடக்கும் கரிசல் பூமியில், ஜீவநதி ஒன்றின் துணையும் இன்றி, ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே நம்பிச் சோளமும் கம்பும் பருத்தியும் விளைவித்து வந்த சம்சாரிகள், தை மாசியில் அறுத்த தட்டையை வெயிலில் காய வைத்துப் படப்பாக அடுக்கி, அடுத்த மழை இறங்கும் வரையில் அதைக் கொண்டே தங்கள் மாடுகளைக் காப்பாற்றி வந்தார்கள். வயிறு நிரம்புவதற்குத் தட்டை போதும். ஆனால் பசு சுகமாகச் சினை தரித்து, கண் தெளிந்த கன்றை ஈன்று, சத்துள்ள பாலைச் சுரப்பதற்கு அது போதாது. ஏன் போதாது என்பதை உலகம் காரண காரியத்தோடு அறிந்துகொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் 1907-ஆம் ஆண்டு 16 கிடேரிகளை நான்கு பிரிவாக்கி, முதல் மூன்று பிரிவுகளுக்கு முறையே மக்காச்சோளம், கோதுமை, ஓட்ஸ் ஆகியவற்றில் ஒவ்வொரு பயிரையும், நான்காவதற்கு மூன்றின் கலவையையும் மட்டுமே தீனியாகக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். ரசாயனக் கணக்கின்படி நான்கு தீனியும் சமம். ஆயினும் மக்காச்சோளம் தின்ற பசுக்கள் திடமான கன்றுகளை ஈன, கோதுமை தின்றவற்றின் கன்றுகள் குறைமாதத்தில் பிறந்து மாண்டன. கணக்கில் அகப்படாத அந்தச் சத்தைத் தேடிப் புறப்பட்டவர்களில் மக்காலமும் மார்கெரீட் டேவிஸும் 1913-இல் வெண்ணெயில் கண்டறிந்த பொருளே பின்னர் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது. பச்சிலைகளிலுள்ள கரோட்டின் என்னும் மஞ்சள் பொருள் பிராணிகளின் உடலில் இந்த ஜீவசத்தாக மாறுகிறதென்பதை 1930-இல் இங்கிலாந்தின் தாமஸ் மூர் நிரூபித்தார்.

இந்த ஞானத்தைக் கரிசலுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலனாகும். தட்டையை உலர்த்துகிற அதே வெயில், அதிலுள்ள கரோட்டினை அழித்துவிட்டு, எலும்பை உறுதியாக்கும் வைட்டமின் டி-யை அதற்கு அளிக்கிறது. பி வகை ஜீவசத்துக்களை மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே ஆக்கித் தந்துவிடுகின்றன. சி-யை அதன் ஈரல் உற்பத்தி செய்துகொள்கிறது. ஆக, கரிசல் பசுவுக்குப் பெருங்குறையாக எஞ்சுவது ஏ ஒன்றே. ஆட்டுரலில் ஆட்டிக் கொடுத்த பருத்திக்கொட்டை, எண்ணெய்ச் சத்தாலும் புரதத்தாலும் பாலைப் பெருக்கியது உண்மை. ஆனால் கரோட்டின் அதில் மிக அற்பம் ஆகையால், எவ்வளவு கொட்டை வைத்தாலும் பச்சையின் ஸ்தானத்தை அது நிரப்ப இயலாது.

அந்த ஸ்தானத்தை நிரப்பியவர்கள் பெண்கள். மழைக்காலத்தில் களையெடுக்கப் போனவர்கள் அந்தியில் தலையில் சுமந்து வந்த புல்லுக்கட்டும், கிணற்றடியில் வளர்த்த அகத்தியும், கடைசி எடுப்பு முடிந்த பருத்திக் காட்டில் மாடுகள் கடித்த இலையுமே பசுவுக்கு ஜீவசத்தை அளித்தன. பச்சை கிடைக்கிற நாளில் மிகுதியாகத் தின்ற கரோட்டினை ஜீவசத்தாக்கி, குதிரில் தானியம் சேர்ப்பதுபோல், பசு தன் ஈரலில் சில மாத காலத்துக்குச் சேமித்து வைக்கிறது. கோடை முழுதும் காய்ந்த தட்டையைத் தின்ற பசுவை நிலைநிறுத்தியது இந்தச் சேமிப்பே. மழை அடுத்தடுத்துப் பொய்த்து அது தீர்ந்துவிட்டால், மாடு மாலைக்கண் கொள்வதும், சினை கலைவதும், கன்று குருடாய்ப் பிறப்பதும் நேரும். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் போன்ற கொடிய காலங்களில் பட்டினிக்கு மாண்டவை போக மிஞ்சிய மாடுகளையும் இக்குறை வாட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அரசாங்கம் 1901-இல் கோவில்பட்டியில் நிறுவிய விவசாய ஆராய்ச்சிப் பண்ணை, 'கே' என்ற எழுத்தைத் தாங்கிய பருத்தி, சோள ரகங்களை வெளியிட்டுக் கரிசலுக்குப் பேருபகாரம் செய்தது. எனினும் இன்று அதே காட்டில் மக்காச்சோளம் பரவி, களைக்கொல்லி தெளிக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டதால், புல்லுக்கட்டு வீடு வந்து சேருவது அருகிவிட்டது. நாட்டுப் பசுவைவிட அதிகம் கறக்கும் கலப்பினப் பசுவோ, பாலின் வழியே அதிக ஜீவசத்தை இழக்கிறது. கடையில் விற்கும் வைட்டமின் கலவை ஆபத்துக்கு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மழை நாளில் விதைத்த வேலிமசாலும், வறட்சி தாங்கும் கொழுக்கட்டைப் புல்லும், வரப்போரத்து அகத்தியும் அதே சத்தைச் சொற்பச் செலவில் தர வல்லவை.

மற்றொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தாயின் வயிற்றிலிருக்கும்போது கன்றுக்கு இந்த ஜீவசத்து மிகக் குறைவாகவே சேர்கிறது. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலே அதன் முதல் சேமிப்பு. ஆதலால் அண்டை வீட்டாருக்குச் சீம்பால் பங்கிடும் பழைய வழக்கம் எவ்வளவு அன்பு பொருந்தியதாயினும், கன்று வயிறாரக் குடித்தபின் எஞ்சியதையே பங்கிடுவது தர்மம். கரிசலில் பால் வளம் பெருக வேண்டுமென்று திட்டமிடுவோர், மாட்டின் ஜாதியையும் கறவையின் அளவையும் விசாரிப்பதற்கு முன், பங்குனி சித்திரையில் அந்த மாட்டுக்குப் பச்சை எங்கிருந்து வரும் என்பதை விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள்.