ஜெல்லிஃபின்: கணக்கும் காணொளி ஓட்டமும்

எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்த கட்டற்ற ஊடக வழங்கி ஜெல்லிஃபின். நிறுவியதும் தொடக்க அமைப்பிலேயே நிர்வாகி கணக்கைக் கேட்கும். அதையே எல்லோருக்கும் கொடுப்பது தவறு. கணக்கு வெறும் பூட்டு அல்ல, கணினியின் சுமையைக் கட்டுப்படுத்தும் கருவியும்கூட. ஹெச்.265 வடிவக் காணொளிக் கோப்பு பழைய கைபேசியில் ஓடாவிட்டால், வழங்கி அதை உடனுக்குடன் ஹெச்.264 ஆக மாற்றித் தரும். நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சாதாரணக் கணினி திணறும், திரையில் வட்டம் சுற்றும். இப்படி மாற்றித் தரும் அனுமதியைக் கணக்குவாரியாக நிறுத்தலாம். கோப்புகளை முன்பே ஹெச்.264 ஆக்கி வைப்பது இன்னும் மேல். யூடியூப் இருக்க ஜெல்லிஃபின் எதற்கு என்று கேட்கலாம். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. வீட்டு வைஃபைக்குள் ஓடும் வழங்கிக்கோ, கோப்பும் கணக்கும் அமைந்தபின் இணையமே தேவையில்லை.