மாதிரி ஹாட் ராட்: உலோகப் பாகங்களைக் கையால் செய்தல்

ஹாட் ராட் என்பது பழைய அமெரிக்கக் காரின் கனமான உறுப்புகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினை வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டி. அதன் சிறு மாதிரியைச் செய்யும்போது கடைப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உறுப்புகளைத் தவிர்த்து, எஞ்சின் தலை, புகைக்குழாய், முன் அச்சு, சக்கரம் போன்றவற்றைப் பித்தளை, அலுமினியம், செம்பு, எஃகு ஆகியவற்றில் முதலிலிருந்து கையாலேயே ஆக்குவது ஒரு தனிக் கைவேலை. மும்பையில் இதற்கென்று ஒரு கடைத்தெரு கிடையாது. ஆனால் பொற்கொல்லர், காயில் கட்டுபவர், மருந்துக்கடைக்காரர், பழைய உலோக வியாபாரி எனத் தொடர்பில்லாத தொழில்களின் சரக்கைக் கொண்டே முழு வேலையையும் முடித்துவிடலாம். சிறப்பாக இதற்கென்றே விற்கும் வெளிநாட்டுப் பொருள்கள் பலவற்றைவிட இவை தரத்தில் குறைந்தவையும் அல்ல.

பின்புலம்

ஹாட் ராட் பழக்கம் 1930களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் நடந்த வேகப் பந்தயங்களில் வளர்ந்தது. பந்தயங்களை ஒழுங்குபடுத்தும் தென் கலிபோர்னியச் சங்கம் 1937இல் உருவானது. ‘ஹாட் ராட்’ இதழின் முதல் வெளியீடு 1948 ஜனவரியில் வந்தது. இவ்வகை வண்டிகளுள் முதன்மையானது 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு. 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட அதன் வி8 எஞ்சினைச் சாதாரண சம்பளக்காரரும் வாங்க முடிந்தது. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்த வண்டியைப் பட்டறையில் மாற்றியதே இதன் தொடக்கம் என்பதைத் தாராவிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் கார்கள் பம்பாய்க்குப் புதியவை அல்ல. ஃபோர்டு இந்தியாவில் 1926இல் நிறுவனம் அமைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் சிவ்ரியில் கார் பொருத்தும் ஆலையைத் திறந்தது. இரண்டுமே 1950களில் வெளியேறின. அவற்றின் வண்டிகள் ஓடிய நகரம் என்றாலும், ஹாட் ராட் பண்பாடு இங்கே வேரூன்றவில்லை. இன்று சட்டமும் அதற்கு இடம் தருவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே கூரையை வெட்டி எஞ்சினை வெளியே காட்டும் ஆசையுள்ளவருக்கு மேசைமேல் நிற்கும் வண்டியே வசதி.

அந்த மேசை வண்டிக்கான பெட்டியும் மலிவாகக் கிடைப்பதில்லை. சுங்க அட்டவணையில் அளவு மாதிரிகளும் விளையாட்டுப் பொருள்களும் ஒரே தலைப்பில் வருகின்றன. அத்தலைப்பின் அடிப்படை வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. வரியால் பெட்டி விலை ஏற ஏற, உள்ளூர் உலோகத்தில் தாமே செய்யும் எண்ணம் வலுப்பது இயல்பு.

கார் மாதிரிகளை முழுக்க உலோகத்தில் உருவாக்கியவர்களுள் இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் பெயர்பெற்றவர். 1/15 அளவில் அவர் செய்த வண்டிகளும், 1970களின் இறுதியில் அவர் எழுதிய கையேடும் இத்துறைக்குப் பாடநூல் போல ஆயின. அவர் கையாண்டவை பெரும்பாலும் உயர்ரகப் பழைய கார்கள். முறைகள் ஹாட் ராடுக்கும் அப்படியே பொருந்தும். மறுமுனையில் அச்சு வார்ப்புப் பொம்மைகள். 1968இல் மேட்டல் வெளியிட்ட முதல் 16 ஹாட் வீல்ஸ் கார்களில் ‘ஹாட் ஹீப்’ ஒரு ஹாட் ராடே.

உலோகம் எதற்கு

மற்ற கார்களில் எஞ்சின் மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஹாட் ராடில் எஞ்சின்தான் முகம். பிளாஸ்டிக் உறுப்பின்மேல் ஏற்றிய குரோம் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மின்னும். அச்சு இணைந்த கோட்டையும் மறைக்காது. மெருகேற்றிய அலுமினியமோ உண்மை வண்டியின் அலுமினியம் போலவே ஒளியைக் காட்டும், ஏனெனில் அதுவே அது. இன்னொரு காரணம் தடிமன். உண்மைக் காரின் தகடு சுமார் 0.9 மி.மீ. 1/25 அளவில் அது 0.04 மி.மீ.க்கும் குறைவு. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் விளிம்போ ஏறத்தாழ 1 மி.மீ. இருக்கும்; உண்மை வண்டியில் அது 25 மி.மீ. தகட்டுக்குச் சமம். 0.1 மி.மீ. பித்தளைத் தகடு இந்தப் பொய்யைப் பெருமளவு குறைத்துவிடும்.

எல்லாவற்றையும் உலோகத்தில் செய்வது வீண் பெருமை. வண்ணம் பூசி மறைந்துவிடும் இடத்துக்குப் பிளாஸ்டிக்கே போதும்.

அளவுக் கணக்கு

1/25 அளவில் உண்மை வண்டியின் ஓர் அங்குலம் 1.016 மி.மீ. ஆகிறது. அதாவது அங்குலத்தில் சொன்னதை மில்லிமீட்டராகப் படித்தாலே போதும், 1.6 சதவீதப் பிழை சிறு உறுப்பில் தெரியாது. 2 அங்குலப் புகைக்குழாய்க்கு 2 மி.மீ. குழாய். 18 அங்குலச் சக்கரத்துக்கு 18 மி.மீ. வளையம். ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டரின் பெயரில் உள்ள எண், உள்ளே குறுகும் கழுத்தின் 0.97 அங்குல விட்டத்தைக் குறிப்பது. மாதிரியில் அத்துளை 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நீள அளவுகளில் மட்டும் இந்தக் குறுக்குவழி கூடாது: 1932 ஃபோர்டின் சக்கர இடைத்தூரம் 106 அங்குலம், மாதிரியில் 107.7 மி.மீ. மும்பைக்கே உரிய ஒன்றைக் கற்பனையாக ஹாட் ராட் ஆக்க விரும்புவோர் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினியை எடுக்கலாம். அதன் 2,340 மி.மீ. சக்கர இடைத்தூரம் 93.6 மி.மீ. ஆகும்.

பொருள்கள்

ஊசி மருந்து போடும் எஃகு ஊசியே இவ்வேலையின் பெரிய கண்டுபிடிப்பு. வரையறுத்த அளவில், உள்ளே துளையுடன், துருப்பிடிக்காத குழாய் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. 18 எண் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மி.மீ., 21 எண் 0.82, 23 எண் 0.64, 26 எண் 0.46. இவற்றில் கடைசி ஊசி உண்மை வண்டியின் அரை அங்குல எரிபொருள் குழாய்க்கு ஏறக்குறையப் பொருந்தும். புதிய ஊசியையே வாங்க வேண்டும். கபாடியில், அதாவது பழைய பொருள் கடையில், வரும் மருத்துவக் கழிவைத் தொடவே கூடாது. வெட்டும்போது உள்ளே கம்பி செருகி, ஊசியை உருட்டிக்கொண்டே அரத்தால் சுற்றிக் கீறினால் வாய் நசுங்காது.

ஸ்பார்க் பிளக் கம்பியின் தடிமன் உண்மையில் 7 மி.மீ.; மாதிரியில் 0.28. மின்விசிறி, மோட்டார் காயில் கட்டுபவர்கள் பயன்படுத்தும் 32 எண் செம்புக் கம்பி 0.274 மி.மீ. இதைவிட நெருங்கிய பொருத்தம் தேட வேண்டாம். பித்தளைத் தகடு, கம்பி, சின்ன அரங்கள், தகடறுக்கும் நுண்வாள், வெள்ளிப் பொடி, வெங்காரம் ஆகியவை ஜவேரி பஜார் பக்கத்துப் பொற்கொல்லர் கருவிக் கடைகளில் கிடைக்கும். துரப்பண அலகுகளுக்கு நாக்தேவி தெரு.

தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டைச் சுற்றிய பங்கார் (பழைய உலோக) கிடங்குகளில் அலுமினியம் தரம் பிரித்து உருக்கப்படுகிறது. குளிர்பான டப்பாவின் சுவர் சுமார் 0.1 மி.மீ. தகடு, கதவுப் பலகை, தரைத்தட்டு, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு ஏற்றது. கடைசலுக்கு மட்டும் உருக்கி ஊற்றிய கட்டியை நம்பக்கூடாது. உள்ளே காற்றுக்குழியும் கலப்பும் இருக்கும், கருவி முனை பட்டதும் பெயர்ந்துவிடும். அதற்கு அளவாக இழுத்த தண்டையே வாங்க வேண்டும்.

கடைசலும் அறுப்பும்

கார்புரேட்டரின் காற்றுக்குழல், சக்கர மூடி, விளக்குக் கிண்ணம் ஆகியவை கடைசல் வேலை. கடிகாரக்காரரின் சிறு லேத் இருந்தால் நல்லது. இல்லாதவர் கைத்துரப்பணத்தைப் பலகையில் பிணைத்து அரத்தால் உருவம் கொடுப்பதும் உண்டு. அலுமினியம் கருவி முனையில் ஒட்டும், மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும். பித்தளைக்கு அது தேவையில்லை; ஆனால் துரப்பண அலகின் கூர்முனையைச் சற்று மழுக்காவிட்டால் அலகு உலோகத்தைக் கவ்வி இழுத்துவிடும்.

எஞ்சின் தலையின் குளிர்ச்சி மடிப்புகளை 4/0 எண் நுண்வாளால் அறுக்கலாம். அதன் அலகு ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமன். ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக அளந்து கீறினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். முதல் பள்ளத்தில் ஒரு தகட்டுத் துண்டைச் செருகி, அதையே அடுத்ததற்கு வழிகாட்டியாக வைப்பது பட்டறை முறை. மாட்டுங்காவில் 1923 முதல் இயங்கும் விஜேடிஐ போன்ற தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஃபிட்டர் பயிற்சி பெற்றவருக்கு இது பழகிய ஒழுக்கம். செம்பூர் அடுக்ககத்தில் லேத் ஓட்டுபவருக்கு வேறொரு ஒழுக்கமும் வேண்டும்: இரவு பத்துக்குமேல் கீழ்வீட்டார் தூங்குகிறார்கள்.

வளைப்பும் பற்றவைப்பும்

எட்டுப் புகைக்குழாய்கள் வளைந்து வந்து சேரும் இடமே ஹாட் ராடின் அழகு. கைவேலைக்குச் சோதனையும் அங்கேதான். பித்தளைக் குழாயை அப்படியே வளைத்தால் மடங்கி உடையும். மங்கிய சிவப்பு நிறம் தெரியும்வரை காய்ச்சி ஆறவிட்டால் இளகும். உள்ளே கம்பியோ மெழுகோ நிரப்பி, ஓர் உருளைமேல் மெதுவாக வளைக்க வேண்டும். வளைக்க வளைக்க மீண்டும் இறுகும். மறுபடி காய்ச்ச வேண்டியதுதான். அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும் என்பதால் அதற்கு வேறு தந்திரம்: சலவை சோப்பைத் தேய்த்துச் சூடேற்றி, சோப்பு கருத்ததும் நிறுத்துவது.

முதல் இணைப்புகளை வெள்ளிப் பொடியும் வெங்காரமும் இட்டு, ஊதுகுழல் தீயில் பற்றவைக்கலாம். அது 600 பாகைக்கு மேல் உருகும். பக்கத்தில் அடுத்த இணைப்பைப் போடும்போது முந்தியது கழன்றுவிடாமல் இருக்க 60/40 ஈயப் பற்றைப் பயன்படுத்த வேண்டும். அது 190 பாகைக்குள் உருகும். மேலும் பாதுகாப்புக்கு ஈரத்துணியால் பழைய இணைப்பைச் சுற்றலாம். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடுப் படலம் சாதாரணப் பற்றை ஏற்காது. அதனால் அதைத் திருகாணியாலோ அரால்டைட்டாலோ பொருத்துவதே வழி. ஈயப் புகை, துத்தநாகப் புகை இரண்டும் கெடுதல், சன்னலோரம் அவசியம்.

ஆரச் சக்கரம்

1932 ஃபோர்டின் சக்கரத்துக்கு 32 ஆரங்கள். மரக்கட்டையில் வட்டம் வரைந்து ஆணிகள் அறைந்து, வளையத்தையும் நடுக்குடத்தையும் நிலைநிறுத்தி, ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு வண்டிக்கு 128 கம்பிகள், பின்னால் மாட்டும் உதிரிச் சக்கரத்துக்கு இன்னும் 32. பொறுமை தீர்ந்தவர்கள் இங்கே பெட்டிச் சக்கரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அது அவமானமில்லை.

அமிலத்தில் அரித்தல்

முன்புற வலைக்கம்பிகள், பெயர் எழுத்துகள் போன்ற தட்டையான நுண்வேலைக்கு அரமும் வாளும் எட்டாது. லாமிங்டன் சாலை மின்னணுக் கடைகளில் மின்சுற்றுப் பலகை செய்ய விற்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலே இதற்கும் மருந்து. 0.1 முதல் 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டின் இருபுறமும் ஒளியுணர் பூச்சு இட்டு, வரைபடத்தைப் பதித்து, கரைசலில் மூழ்கடித்தால் பூச்சில்லாத இடம் கரைந்துவிடும். கரைசல் பக்கவாட்டிலும் தின்னும் என்பதால் கம்பிகளைச் சற்றுத் தடித்தே வரைய வேண்டும். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும், சாக்கடையில் ஊற்றக்கூடாது.

மெருகும் பராமரிப்பும்

உப்புத்தாளின் எண்ணைப் படிப்படியாக ஏற்றி, கடைசியில் மெருகுக் களிம்பால் தேய்ப்பது வழக்கம். கறுத்த பித்தளைக்குப் புளி போதும், ஆனால் மூலைகளில் தங்கும் புளி பச்சைக் களிம்பாகத் திரும்பி வரும். நன்றாகக் கழுவ வேண்டும். மும்பையின் கடற்காற்றும் மழைக்கால ஈரமும் பித்தளையைச் சில வாரங்களில் மங்கவைக்கும். மெல்லிய லாக்கர் பூச்சு அதைத் தடுக்கும், மெருகைச் சற்றுக் குறைத்தும்விடும். அலுமினியத்துக்கு மெழுகு மட்டும் போதும். ஈயம் கலந்த வெள்ளை உலோக உறுப்புகள் சேர்ந்திருந்தால் மரப்பெட்டியில் அடைக்கக்கூடாது. மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். கண்ணாடிப் பேழையே உகந்தது, அடியில் காற்றுப் போக ஓர் இடைவெளியுடன்.