முப்பது மைல் நடந்த டிட்

கூட்டத்துக்கு ஐம்பது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்து ஏழு பேரோடு முடித்த நாட்கள் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த மாதிரி நாட்களில் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒருவர் பஞ்சாபின் டிட். தான் ஏற்ற கிறிஸ்தவ நம்பிக்கையைத் தன் மக்களிடம் கொண்டுபோனவர் அவர். அந்த மதத்தை நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். யாரும் கேட்கத் தயாராக இல்லாதபோது அவர் எப்படிச் சோர்ந்துபோகாமல் இருந்தார் என்பதே நம் கேள்வி.

டிட் சியால்கோட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சூஹ்ரா சாதியில் பிறந்தவர். துப்புரவுப் பணி, செத்த மாட்டை அகற்றுவது, ஜாட் நிலவுடைமையாளர்களின் வயலில் உழைப்பது, இவைதான் அந்த மக்கள் மீது சுமத்தப்பட்ட வேலைகள். கூலியாக அறுவடையில் கொஞ்சம் தானியம். சாதிப் பெயரே வசைச் சொல்லாக இருந்தது. டிட்டுக்குக் கால் ஊனம் வேறு. தோல் வாங்கி விற்றுப் பிழைத்தார்.

சியால்கோட்டில் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் மிஷன் 1855இல் தொடங்கியது. மிஷனரிகளின் கவனம் மேல்சாதியினர் மீதே இருந்தது. பல ஆண்டுகள் உழைத்தும் சேர்ந்தவர்கள் சொற்பம். 1873இல், ஜாட் சாதியிலிருந்து கிறிஸ்தவரான நட்டு என்பவர் டிட்டை சாமுவேல் மார்ட்டின் என்ற மிஷனரியிடம் அழைத்துவந்தார். ஞானஸ்நானம் கொடுக்க மார்ட்டின் தயங்கினார். மறுக்கக் காரணம் கிடைக்காததால் கொடுத்தார்.

உடனே ஊருக்குத் திரும்புகிறேன் என்றார் டிட். இன்னும் கொஞ்ச நாள் தங்கிக் கற்றுக்கொண்டு போகலாமே என்பது மார்ட்டினின் எண்ணம். டிட் கேட்கவில்லை, கிளம்பிவிட்டார். ஊரில் சொந்தக்காரர்களே அவரை, சாகிப் ஆகிவிட்டாயா என்று கேலி செய்தார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மனைவி, மகள், அக்கம்பக்கத்தார் இருவர் என நால்வரோடு சுமார் முப்பது மைல் நடந்து சியால்கோட்டுக்கு வந்தார். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரேதான். ஞானஸ்நானம் முடிந்ததும் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். அடுத்த பிப்ரவரியில் மேலும் நான்கு பேரை அழைத்துவந்தார். எட்டு மாதத்தில் எட்டுப் பேர். நம் கணக்கில் இது தோல்வி.

ஆனால் டிட் கூட்டத்தை எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. முதலில் தன் வீட்டில் பேசினார், பிறகு பக்கத்து வீட்டில். ஊரை விட்டு ஓடவில்லை, தொழிலையும் விடவில்லை. தோல் வாங்கப் போன ஊர்களிலெல்லாம் பேசினார். கேட்டவர்கள் தம் உறவுகளிடம் சொன்னார்கள். இயக்கத்தை வளர்த்தது அந்த மக்களேதான், மிஷனரிகள் பின்னால்தான் வந்தார்கள். 1915 வாக்கில் சியால்கோட் மாவட்டத்துச் சூஹ்ராக்களில் சில நூறு பேர் தவிர அனைவரும் கிறிஸ்தவர்களாகிவிட்டனர் என்கிறது பிக்கெட் 1933இல் எழுதிய ஆய்வு நூல். 1881இல் பஞ்சாபில் சில ஆயிரமாக இருந்த இந்தியக் கிறிஸ்தவர்கள் 1931இல் மூன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள்.

'சோற்றுக்காக மதம் மாறியவர்கள்' என்று நம் மக்களைப் பழிப்பவர்களுக்கு இந்த வரலாறே பதில். டிட் மதம் மாறியதால் அவருக்கு உடனே கிடைத்தது, சொந்தக்காரர்களோடு சேர்ந்து உண்ணும் உரிமையின் இழப்புதான்.

மதம் மாறியதும் சாதி ஒழிந்துவிட்டது என்றும் நாம் சொல்லப்போவதில்லை. பிரிவினைக்குப் பின் சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கே இன்றும் துப்புரவுப் பணி பெருமளவில் கிறிஸ்தவர்கள் தலையில்தான். இந்தியாவில் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது விரிந்தது. தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். டிட் தொடங்கியது முடியவில்லை, நம் கையில் இருக்கிறது.

தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வந்தார்கள் என்றால் அந்த நான்கு பேரோடு தொடங்குவோம். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது நாமும் கூடப் போவோம்.