மலைப்பாதையும் சோழவரமும்

சங்கத்தின் ஒவ்வொரு ஆண்டுச் சந்திப்பிலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில், மாணவத் தம்பி ஒருவர் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. "ஐயா, நம்ம கொடைக்கானல் ரோட்டுல அந்தக் காலத்துல கார் ரேஸ் விட்டாங்களாமே, நெசமா?" இயந்திரப் பாடம் நடத்திய ஆளுக்கு இது தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை! இந்த மலருக்கு எழுதச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது, இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால்தான் சரித்திரம் கிடைக்கும். 1950-களில் இத்தாலிக்காரர்கள் தங்கள் மலை ரோடுகளிலேயே பந்தயக் கார்களைப் பறக்கவிட்டார்கள். நம் மாகாணத்துக் கார் பிரியர்களோ பழனி மலை, நீலகிரி, ஏற்காடு என்று வாசலிலேயே மலைகள் இருக்க, சென்னைக்கு வடக்கே வெயில் கொளுத்தும் சோழவரத்துக்குப் போனார்கள். ஏன்?

முதலில் அந்த இத்தாலியப் பந்தயம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். 'மில்லே மீல்யா' என்று பெயர். ஆயிரம் மைல் என்று அர்த்தம். வடக்கே பிரெஷ்யா நகரில் புறப்பட்டு, ரோமாபுரி போய், மறுபடி பிரெஷ்யாவுக்கே திரும்ப வேண்டும். சுமார் 1,600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி, அதற்கு மேலும் 200 கிலோமீட்டர் ஓட்டினால் எவ்வளவோ அவ்வளவு. தனியாகப் போட்ட பாதை கிடையாது. ஊர்ச் சந்தை ரோடு, கோயில் முன் வீதி, ரயில்வே கேட், அப்பெனைன் மலையின் கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் அதற்குள் அடக்கம். 1927-ல் தொடங்கியது.

1955 மே 1-ஆம் தேதி, ஸ்டர்லிங் மோஸ் என்ற 25 வயது ஆங்கிலேய இளைஞர், மேல்கூரை இல்லாத மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். காரில் இந்தத் தூரத்தை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். சராசரி, தம்பிகளே, உச்ச வேகம் அல்ல! காரின் எண் 722. காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்டதால் அந்த எண். பக்கத்து இருக்கையில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். இருவரும் முன்கூட்டியே பாதை முழுவதும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் குறித்து வைத்துக்கொண்டார்கள். குறிப்புகளை 18 அடி நீளக் காகிதச் சுருளில் எழுதி, ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் சுற்றிவிட்டார் ஜென்கின்சன். உருட்டினால் அடுத்த வளைவு கண்ணாடி வழியே தெரியும். எஞ்சின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது என்பதால் எல்லாம் கைச் சைகைதான். நடுவழியில் குமட்டி வெளியே தலையை நீட்டியபோது காற்று அவர் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளையாக இன்னொன்று வைத்திருந்தார். இரண்டாவதாக வந்த ஃபாஞ்சியோவுக்கும் மோஸுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி.

கேட்கும்போதே ரத்தம் சூடாகிறது, இல்லையா? இதே பந்தயத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சாலை ஓரத்தில் மக்கள் எப்படி நிற்பார்கள் தெரியுமா? நம் ஊரில் தேர் திரும்பும் முக்கில் நிற்பது போலத்தான். கயிறுகூடக் கட்டாத இடங்கள் ஏராளம். 1957 மே 12 அன்று, பந்தயம் முடியும் தறுவாயில், குயிதித்ஸோலோ என்ற கிராமத்தருகே ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டிய ஸ்பெயின் நாட்டுப் பிரபு அல்ஃபோன்ஸோ தெ போர்தாகோவும் உடனிருந்த எட்மண்ட் நெல்சனும் மாண்டார்கள். கூடவே வேடிக்கை பார்க்க வந்த ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். கார் செய்த என்ஸோ ஃபெராரி மீது வழக்கே போட்டார்கள். 1961-ல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். பந்தயம் அத்தோடு தீர்ந்தது. 1977 முதல் அதே பெயரில் நடப்பது பழைய கார்களின் ஊர்வலம் மாதிரிதான். குறித்த நேரத்துக்குக் குறித்த இடம் சேரும் போட்டி, வேகப் போட்டி அல்ல.

சரி, நம் மலைக்கு வருவோம். கொடைக்கானலில் அமெரிக்க மிஷன்காரர்கள் வீடு கட்டியது 1845-ல். அதன் பிறகு ஒன்றிரண்டு தலைமுறைக் காலம் மேலே போக வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இறங்கி, அங்கிருந்து நடை, அல்லது குதிரை, அல்லது கூலியாட்கள் தோளில் சுமக்கும் நாற்காலி. துரைமார் ஏறிய மலை அது என்று சொல்வதைவிட, துரைமாரைத் தோளில் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் ஏறிய மலை என்று சொல்வதே சரி. மேஜர் லா என்ற பொறியாளர் பெயரால் 'லாஸ் காட்' எனப்பட்ட பாதை, பல வருஷ இழுபறிக்குப் பிறகு 1910-களில்தான் வண்டி போகும்படி முடிந்தது. வத்தலக்குண்டு தாண்டிக் காமக்காபட்டியில் ஏற ஆரம்பித்து, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று நாம் எல்லோரும் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்த அதே பாதை. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயர வித்தியாசம். ஜென்கின்சன் பாடு நமக்குப் புதிதா என்ன!

1950-ல் ஒரு கார் இந்த மலையில் ஏறுவது எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் எஞ்சினின் பலமும் அதே அளவு போய்விடும். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் பழைய பஸ்களில் பாதி வழியில் ஓடைத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டு போவார்கள். ஏறுவதாவது பரவாயில்லை. இறங்கும்போதுதான் விஷயம். அன்றைக்கு எல்லாம் டிரம் பிரேக். வளைவுக்கு வளைவு அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் கருகி நாறும், மிதி அடியோடு இறங்கிவிடும். "எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கு தம்பி, பிரேக்கை நம்பாதே" என்று வத்தலக்குண்டு டிரைவர் ஒருவர் எனக்குச் சொன்னார். பாடப் புத்தகம் இரண்டு பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஆக, மலைப்பாதை இருந்தது. ஆசைப்படும் ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பாதை யாருடையது? அங்கேதான் இத்தாலிக்கும் நமக்கும் வழி பிரிகிறது. நம் மலையடிவாரத்து ரோடுகள் மோட்டார் யுகத்துக்குள் நுழைந்தது பந்தயக்காரர்களால் அல்ல, பஸ்காரர்களால். ஜி.டி. நாயுடு 1920-ல் தம் முதல் பஸ்ஸை ஓட்டியது பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையேதான். பதின்மூன்று வருஷத்தில் அவரது யு.எம்.எஸ். கம்பெனியில் 280 பஸ்கள். மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் கம்பெனி, மாட்டு லாடத்து ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணி பொறுக்கியது. நேரத்துக்குப் பஸ் வர வேண்டும் என்பதே அவர்களுடைய பந்தயம். மலையில் அந்தப் பஸ்ஸும், காய்கறி, பேரிக்காய், வாழைத்தார் ஏற்றிய லாரியும், சுமைக்காரர்களும் ஒரே ஒரு ரோட்டைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதை ஒரு நாள் மூடினாலும் மேலே அடுப்பு எரியாது.

இரண்டாவது காரணம் சட்டம். ஆங்கிலேயர் தங்கள் சொந்த நாட்டிலேயே பொது ரோட்டில் பந்தயம் விட அனுமதித்ததில்லை. அதனால்தான் 1907-ல் புரூக்லண்ட்ஸில் தனிப் பாதை கட்டினார்கள். உலகப் போர் முடிந்ததும் காலியாகக் கிடந்த விமானத் தளங்களைப் பிடித்துக்கொண்டார்கள். 1948-ல் பந்தயம் தொடங்கிய சில்வர்ஸ்டோன் அப்படி வந்ததே. அதே வழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாயிற்று. போர்க்காலத்தில் போட்டுவிட்டுப் போன சோழவரம் விமான ஓடுபாதை அவர்கள் கைக்குக் கிடைத்தது. பக்கத்து இலங்கையிலும் இதே கதைதான், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த விமானத் தளம். ஆனால் இலங்கைக்காரர்கள் மலையையும் விடவில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1930-களிலேயே தொடங்கிவிட்டது. ரோட்டை மூடிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார், எதிரி கடிகாரம் மட்டுமே. தேயிலைத் தோட்டத்து நம் தமிழ் மக்கள் வரப்பில் நின்று அதைப் பார்த்திருப்பார்கள். மலையில் வேகம் பார்க்க அதுதான் நியாயமான முறை என்பது என் கருத்து.

சும்மா சொல்லக் கூடாது, பந்தயம் என்ற முறையில் சோழவரம் ஒரு மலைப்பாதைக்கு ஈடாகாது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. நீளமாக ஓட்டு, பிரேக் பிடி, திரும்பு, அவ்வளவுதான். ஆனால் தடம் தவறிய கார் சுழன்று புழுதி கிளப்பி நின்றுவிடும். கீழே 1,000 அடிப் பள்ளத்தில் எலிவால் அருவி தெரியாது. எம்.ஜி., ஜாகுவார் போன்ற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்க்க, சென்னையிலிருந்து ஜனங்கள் கட்டுச்சோற்றோடு போனார்கள். ராஜ குடும்பத்தார், கம்பெனி அதிகாரிகள், பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஒரே தரையில் மண்டியிட்டு ஸ்பார்க் பிளக் கழற்றிய இடம் அது.

அந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் நிலைக்கவில்லை. 1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கையை அடுத்து, உள்நாட்டில் கார் உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள்தான் தொழில் நடத்தலாம் என்று மத்திய அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. புது ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதி என்பது ஏறக்குறைய கனவாயிற்று. இருந்த கார்களுக்கு உதிரி பாகம் கிடையாது. மிச்சம் என்ன? அம்பாசடர், ஃபியட், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் கார்கள்! இவற்றைத்தான் நம் ஆட்கள் பிரித்து, சிலிண்டர் தலையைச் சீவி, கேம் ஷாஃப்ட்டைத் தேய்த்து, எடையைக் குறைத்துப் பந்தயத்துக்கு விட்டார்கள். பணக்காரர் விளையாட்டாக ஆரம்பித்தது லேத் பட்டறைக்காரரின் கைக்கு வந்தது இந்தத் தட்டுப்பாட்டால்தான். 1980-களில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டினார், அது பார்க்க நன்றாக இருந்திருக்கும். ஆனால் நமக்கு எதிர்காலத்தைக் கொடுத்தது வேறொருவர்: கோவை எஸ். கரிவர்தன்.

1954-ல் பிறந்த கரிவர்தன் லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. மாருதி 800 எஞ்சினை வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இங்கேயே செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நடுத்தரக் குடும்பத்துப் பையனும் எட்டிப் பிடிக்கக்கூடிய பந்தயம் அப்போதுதான் பிறந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாகப் பந்தயப் பாதை கட்டியபோது சோழவரத்தின் காலம் முடிந்தது. கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக் தொடர்ந்தார். இதையெல்லாம் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் காலமானார். அவர் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' திறக்கப்பட்டது.

பொது ரோட்டுப் பந்தயம் தமிழ்நாட்டுக்குக் கடைசியில் வந்தே விட்டது. 2023 டிசம்பரில் வைத்திருந்ததை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட, 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, மூன்றரைக் கிலோமீட்டர் சுற்றில், இரவு விளக்கொளியில் கார்கள் ஓடின. இரு புறமும் கான்கிரீட் சுவர், அதன் மேல் கம்பி வேலி, சர்வதேச சங்கத்தின் சான்று வராமல் ஒரு காரும் நகரவில்லை. பணம் அதிகம் என்று கோர்ட்டு வரை போனார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சுவரும் வேலியும் குயிதித்ஸோலோக் குழந்தைகளுக்குக் கிடைக்காதவை.

காமக்காபட்டியிலிருந்து பெருமாள்மலை வரை கைப்பேசியில் நேரம் வைத்து மோட்டார் சைக்கிளில் ஏறும் விளையாட்டு விடுதியில் நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இரண்டாம் தடவை என்றால் ஒரு வருஷம், 10,000. மோஸுக்கு எதிரே பஸ் வரவில்லை, தம்பிகளே. உங்களுக்கு வரும். அதில் உங்கள் ஊர்க்காரர் யாராவது இருப்பார்.

நிஜமாகவே ஓட்டிப் பார்க்க, ஓட்டுகிறவர்களைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் செட்டிபாளையத்தில் போட்டி நடக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். பழனியில் ஏறினால் பொள்ளாச்சி வழியாகவே போகலாம். நாயுடு 1920-ல் பஸ் விட்ட ரோடுதான் அது.