கண்ணாடித் தகட்டில் தங்கிய விமானங்கள்

நினைவு மலருக்கு வரலாறு சம்பந்தமாக ஒரு கட்டுரை வேண்டும், ஆனால் கல்லூரி வரலாறு வேண்டாம், அதை ஏற்கெனவே மூன்று பேர் எழுதித் தந்துவிட்டார்கள் என்று நம் சங்கச் செயலாளர் அண்ணன் போனில் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இயந்திரங்களின் வரலாறுதான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, டிராயிங் தொலைந்துபோன பழைய இயந்திரங்களுக்கு உதிரி பாகம் வரைந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அளவெடுக்க அசல் பாகமும் இல்லையென்றால், "பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. அந்தத் தேடலில் அறிமுகமானவர்தான் சார்லஸ் ஈ. பிரவுன்.

1896-இல் லண்டன் விம்பிள்டனில் பிறந்தவர். 1911-இல், பதினைந்து வயதுப் பையன், வீட்டுக்கு அவ்வளவு தூரமில்லாத சவுத்ஃபீல்ட்ஸில் விழுந்து கிடந்த ஒரு விமானத்தைப் படம் பிடித்தான். ரைட் சகோதரர்கள் பறந்து எட்டு வருடம்கூட ஆகாத சமயம். டெய்லி மிரர் பத்திரிகை அந்தப் படத்துக்கு அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங் கொடுத்தது. பிறகு அந்தப் பத்திரிகையிலேயே வேலையும் கிடைத்தது. முதல் உலகப் போரில் விமானப்படையின் புகைப்படப் பிரிவில் இருந்தார். போர் முடிந்த பின் சொந்தமாகத் தொழில் நடத்தினார்.

சொந்தத் தொழில் என்றால் சும்மாவா? சோறு போட்டது விளம்பரப் படம். 1924-இல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. கையில் பெட்டியோடு ஒரு சின்னப் பையன் அண்ணாந்து பார்க்கிறான், என்ஜின் டிரைவர் மேலிருந்து குனிந்து பேசுகிறார். சதர்ன் ரயில்வே அதைச் சுவரொட்டியாக்கியது. இங்கிலாந்தில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் எடுத்தவர் மனசு ரயிலில் இல்லை. ஹெண்டன் மைதானத்தில் 1920 முதல் 1937 வரை ஆண்டுதோறும் நடந்த விமானப்படைக் காட்சிகளில்தான் மனுஷனைப் பிடிக்க முடியும். தரையில் நின்று எடுத்ததோடு விடவில்லை. இன்னொரு விமானத்தின் திறந்த பின் இருக்கையில் ஏறிக்கொண்டு, பக்கத்தில் பறக்கும் விமானத்தை எடுத்தார். பால்மாஸ் என்ற ஜெர்மன் கேமரா. ஃபிலிம் சுருள் கிடையாது, கண்ணாடித் தகடு. ஒரு படத்துக்கு ஒரு தகடு. தலைக்கு மேல் அடிக்கிற காற்றில், கையுறையோடு, அதை மாற்ற வேண்டும்.

இதிலுள்ள எஞ்சினியரிங் சிக்கலைச் சொல்லாமல் போக முடியவில்லை. டைகர் மாத் போன்ற விமானத்தின் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/1000 நொடி திறந்தால் அது 12 டிகிரிதான் நகரும். படத்தில் என்ஜின் நின்றுபோய் விமானம் அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும். 1/125 என்றால் 96 டிகிரி. இரண்டு இலையும் சேர்ந்து பாதி வட்டத்துக்கு மேல் நிரப்பிவிடும், சுழற்சி தெரியும். ஆனால் அவ்வளவு நேரம் கை ஆடக்கூடாது, இரண்டு விமானமும் ஒரே வேகத்தில் போக வேண்டும். இன்றைக்கு டிஜிட்டல் கேமராவோடு பழைய விமானங்களைத் துரத்துகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரவுன் எடுத்தபோது அவை பழைய விமானங்களே அல்ல. அன்றைய புத்தம் புது இயந்திரங்கள். ஹாக்கர் ஃப்யூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1931-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, மணிக்கு 200 மைலைத் தாண்டிய அதன் முதல் போர் விமானம். பத்து வருடத்துக்குள் காயலான் கடைச் சரக்காகிவிட்டது. ஸ்டர்லிங் குண்டுவீச்சு விமானம் 2,300-க்கும் மேல் கட்டினார்கள். முழுதாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. நம் விமானப்படை 1933-இல் கராச்சியில் வாபிட்டி விமானங்களோடு பறக்கத் தொடங்கியது. உலகத்திலேயே எஞ்சியிருக்கும் ஒரே வாபிட்டி டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மிஞ்சாததை மறுபடி கட்ட நினைப்பவருக்கு டிராயிங் மட்டும் போதாது. டிராயிங் சொல்வது எப்படிச் செய்ய வேண்டும் என்பதை. படைத்தளத்தில் மெக்கானிக் எந்தத் தகட்டை வெட்டினார், எந்த மூடியைக் கழற்றிப் போட்டார் என்பதைப் போட்டோதான் சொல்லும். ஆனால் போட்டோவும் ஏமாற்றும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. அது கறுப்பாக விழும். நீலம் வெளிறிப்போகும். மஞ்சள் வண்ணப் பயிற்சி விமானம் இருண்ட நிறத்தில் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பெயிண்ட் அடித்தால் போச்சு! அதனால்தான் இரண்டாம் உலகப் போரில் பிரவுன் எடுத்த வண்ணப் படங்களுக்கு இவ்வளவு மதிப்பு. கோடக்ரோம் ஃபிலிம் வந்தது 1935-இல். போர்க்கால லண்டனில் அது குதிரைக் கொம்பு. அமெரிக்கர்கள் மூலமாகக் கிடைத்ததை வைத்து எடுத்தார். அதன் வேகம் இன்றைய கணக்கில் ஐ.எஸ்.ஓ. பத்துக்குப் பக்கம்தான். பறக்கும் விமானத்திலிருந்து அதை வைத்து எடுத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

1978-இல் அவருடைய நெகட்டிவ்கள் சுமார் 30,000 ஹெண்டனிலுள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் சுற்றிய அதே மைதானம்! 1982-இல் காலமானார். 43-ஆம் படைப்பிரிவில் பறந்து, பின் தென்னாப்பிரிக்கா போய்ச் சிதைந்த கே5674 என்ற ஃப்யூரி மீட்கப்பட்டு, 2012-இல் இங்கிலாந்தில் மறுபடி பறந்தது. பக்கவாட்டில் அதே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், குறிப்பாக சீனியர் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும். தெர்மல் லேபில் நம் எல்லோருக்கும் ரீடிங் எடுக்கக் கொடுத்த அந்தப் பெரிய கிடைமட்ட ஆயில் என்ஜின் இப்போது அங்கே இல்லை. அதன் முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்ட பேட்ச் ஏதாவது இருந்தால் ஒரு பிரதி சங்கத்துக்கு அனுப்புங்கள். உங்கள் தலைகளுக்குப் பின்னால் கவர்னர் பக்கம் தெரிந்தால் இன்னும் நல்லது.