திரவப் படிக ஆய்வில் திருப்பம் தந்தவர்... சி.வி.ராமனின் இன்னொரு சந்திரசேகர் யார்?

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் கணக்குப் போடும் கால்குலேட்டர், வீட்டு டிவி, பள்ளிக்கூட கம்ப்யூட்டர்... இந்தத் திரைகளுக்குள் வேலை பார்ப்பது திரவப் படிகம். எல்.சி.டி. என்பதன் முதல் இரண்டு எழுத்தும் அதுதான். இந்தத் துறையில் உலகம் திரும்பிப் பார்த்த ஒரு கண்டுபிடிப்பு நடந்த இடம், நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூரு.

எந்த சந்திரசேகர்?

நோபல் பரிசு வாங்கிய வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இல்லை. அவர் ராமனுக்கு அண்ணன் மகன். இவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், ராமனின் சகோதரி மகன். ஆங்கிலத்தில் ரெண்டு உறவுக்கும் ஒரே சொல் என்பதால் குழப்பம் சகஜம். லண்டன் ராயல் சொசைட்டியின் ராயல் மெடலையும் இருவருமே வாங்கியிருக்கிறார்கள்: அவர் 1962-ல், இவர் 1994-ல்.

1930-ல் கல்கத்தாவில் பிறந்தவர். நாக்பூரில் எம்.எஸ்சி., ராமன் ஆய்வு நிலையத்தில் தாய்மாமனிடமே ஆராய்ச்சி, பிறகு கேம்பிரிட்ஜில் இன்னொரு டாக்டர் பட்டம். அதுவரை பார்த்ததெல்லாம் கெட்டியான படிகங்கள்தான். 1961-ல் மைசூர் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் முதல் தலைவராக வந்த பிறகே திரவப் படிகத்தின் பக்கம் வந்தார். ராமன் மறைந்த அடுத்த ஆண்டு, 1971-ல், அதே ஆய்வு நிலையத்தில் இதற்கென ஓர் ஆய்வகம் தொடங்கினார்.

திரவப் படிகம்னா என்ன?

1888-ல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் உருகியது, ஆனால் கலங்கலாகவே நின்றது. 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. நடுவில் இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். திரவம் மாதிரி ஓடும். ஆனாலும் மூலக்கூறுகள் ஒரு ஒழுங்கோடு திசை பார்த்து நிற்கும். மின்சாரம் கொடுத்து அந்தத் திசையை மாற்றினால், ஒளியை விடவும் மறைக்கவும் முடியும்.

1977-ல் என்ன நடந்தது?

குச்சி போல நீண்ட மூலக்கூறுகள்தான் இப்படி நடந்துகொள்ளும் என்று ஏறக்குறைய 90 ஆண்டுகள் நம்பிவந்தார்கள். சந்திரசேகர், பி.கே.சதாசிவா, கே.ஏ.சுரேஷ் மூவரும் அதை உடைத்தார்கள். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு கைகள் நீண்ட தட்டு வடிவ மூலக்கூறுகள், சில்லறைக் காசை அடுக்கியது போலத் தூண் தூணாக நிற்பதைக் காட்டினார்கள். கட்டுரை வெளியானது 'பிரமாணா' என்ற இந்திய ஆய்விதழில்! வெளிநாட்டு இதழில் வந்தால்தான் மதிப்பு என்ற பேச்சு ஓயாத நாட்டில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'திரவப் படிகங்கள்' பற்றிய அவருடைய நூலும் அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் வெளிவந்தது.

இதனால் யாருக்கு லாபம்?

பழைய எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் படம் வெளிறித் தெரியுமே, ஞாபகம் இருக்கா? 1990-களில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம், தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலத்தைத் திரையில் சேர்த்து அந்தக் குறையைக் குறைத்தது.

1990-ல் ஓய்வு பெற்ற சந்திரசேகர் சும்மா இருக்கவில்லை. பெங்களூருவிலேயே திரவப் படிக ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். 1998-ல் பத்ம பூஷண் விருது வந்தது. 2004-ல் காலமானார். அந்த மையம் இப்போது நானோ மற்றும் மென்பொருண்ம அறிவியல் மையம் என்ற பெயரில் இயங்குகிறது.