போனில் குரோம் திணறுதா? பிஎஃப் விண்ணப்பம் பாதியில் போகாமல் இருக்க இதைச் செய்யுங்க!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ, தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பலரும் பிஎஃப் பணத்துக்கு போனிலேயே விண்ணப்பிக்கிறாங்க. ஆனால் ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், சில நேரம் பக்கம் மறுபடி லோட் ஆகி, டைப் செய்தது எல்லாம் போயிடும். ரேம் நிரம்பியதும், பின்னணியில் இருக்கும் பக்கத்தை போன் மூடிவிடுவதே காரணம்.

என்ன செய்யலாம்?

• தேவையில்லாத டேப்கள், ஆப்களை முதலில் மூடுங்க. ரேம் கிடைப்பது இதில்தான்.

• கேச்சை அழித்தால் காலியாவது ஸ்டோரேஜ்தான், ரேம் அல்ல. அழிக்கும்போது 'குக்கீஸ்' டிக்கை எடுத்துடுங்க. இல்லைன்னா தளங்களில் மறுபடி லாகின் செய்யணும்.

• ஓடிபியை மேலே வரும் நோட்டிஃபிகேஷனிலேயே படிச்சிடுங்க.

• கம்ப்யூட்டரில் குரோமின் 'மெமரி சேவர்', பயன்படுத்தாத டேப்களை முடக்கி வைக்கும். செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய், பிஎஃப் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம்.